கூட ஆளுக்கு என்ன விலை?

செவ்வாய், காலை 7.20. மதுரை விமான நிலையத்தில் இறங்கியபோது என்னிடம் ஒரு பெட்டியும் ஒரு நோட்டும் இருந்தன. பெட்டியில் சட்டைகள், நோட்டில் மூன்று நாடுகள். பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டு ஜெர்மனி, கனடா, மதுரை என்று எழுதி வைத்திருந்தேன். மதுரை ஒரு நாடா என்று கேட்காதீர்கள். மதுரைக்காரர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சிற்றூரில் முப்பத்தோரு வருடமாகப் பட்டறை வேலை பார்க்கிறேன். வரும் டிசம்பரோடு ஓய்வு. மனைவி தவறிப்போய் மூன்று வருடமாகிறது. டொராண்டோவில் இருக்கும் மகள், "பேஸ்மெண்ட் சும்மாதான் கிடக்கு, வந்துருங்கப்பா" என்கிறாள். நான் பிறந்தது பசுமலை. அங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன்: இரண்டு அறை, வாடகை பன்னிரண்டாயிரம். வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மிச்ச காலத்தை எங்கே கழிப்பது என்பதை நோட்டு சொல்லிவிடும் என்று நம்பினேன். ஸ்டுட்கார்ட்டில் ஞாயிறுதோறும் கூடி இதையே பேசி மண்டையை உடைத்துக்கொள்ளும் நம் தமிழ் நண்பர்கள் வேறு, "ஊர்ப் பெருமை பேசாதே, விலையைப் போடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போடுகிறேன்.

காலை 9.00. திருப்பரங்குன்றத்தில் அறை, நாளுக்குத் தொள்ளாயிரம். நாலு இட்லி, ஒரு வடை, பொங்கல், காபி: தொண்ணூற்றைந்து ரூபாய். ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் வெறும் காபிக்குக் கொடுக்கும் காசில் இங்கே நாலு பேர் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம். மதுரை ஒன்று, ஜெர்மனி பூஜ்யம் என்று குறித்தேன்.

காலை 10.15. பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ். எனக்குப் பத்து ரூபாய். எதிர்வரிசையில் இருந்த அம்மாவுக்குக் கண்டக்டர் காசு வாங்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

"செக்கிங்கா சார்?" என்று அந்த அம்மா பதறிவிட்டார். இல்லை, ஜெர்மனியிலிருந்து வருகிறேன், செலவை ஒப்பிட்டு எழுதுகிறேன் என்று விளக்கினேன். பெயர் பஞ்சவர்ணம். திருமங்கலம் பக்கத்துக் கிராமம், வயல் வேலை. முதியோர் பென்சனுக்கு மனுக் கொடுக்கத் தல்லாகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அங்க பஸ்ஸு ஓசியா?"

"மாசம் அறுபத்து மூணு யூரோ. ஆறாயிரத்துக்கு மேல ஆகும்."

"ஆத்தாடி! அம்புட்டுக்கு நான் நடந்தே போயிருவேன்."

விட்டுக்கொடுக்க மனமில்லை. வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் டிவிக்கென்று மாதம் பதினெட்டு யூரோ கட்ட வேண்டும் என்பதையும், பக்கத்து வீட்டுக்காரி தன் நாய்க்கு வரி கட்டுவதையும் சொன்னேன். இவை பெருமையில் சேருமா என்று சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

"எங்களுக்கு டிவியே ஓசியாக் குடுத்தாக. ஒங்களுக்கு டிவி இல்லாததுக்குக் காசா? நாய்க்கு வரின்னா, அதுக்கு ரேசன் கார்டு உண்டா?"

பஸ்ஸே சிரித்தது. நான் மிச்சமிருந்த துருப்புச் சீட்டுகளையும் இறக்கினேன். வேலை போனால் பணம், பிள்ளை பெற்றால் பணம், காய்ச்சலில் படுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம்.

"இம்புட்டும் சும்மாவா குடுப்பாக? ஒங்க சம்பளத்துல பிடிச்சிருப்பாகல்ல?"

"பாதிக்குக் கொஞ்சம் கம்மியாப் பிடிப்பாங்க."

"அப்ப அது ஓசி இல்லண்ணே. அதுக்குப் பேரு சீட்டுக் கட்டுறது."

முப்பத்தோரு வருடம் நான் கட்டியதற்கு இவ்வளவு சுருக்கமான பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. அதை நோட்டில் எழுதிக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நோட்டைப் பார்த்தேனே தவிரப் படியைப் பார்க்கவில்லை. வலது கால் மடங்கி, மதுரை மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

காலை 11.30. ஆட்டோ நூறு ரூபாய். அரசு ஆஸ்பத்திரி. ஆட்டோவில் என்னோடு பஞ்சவர்ணமும் ஏறியிருந்தார், நான் கூப்பிடவில்லை. வாசலில் இறக்கி உட்காரவைத்துவிட்டு, "தல்லாகுளத்துக்கு நேரமாச்சு, வாரேண்ணே" என்று கிளம்பினார். உள்ளே சீட்டு இலவசம், டாக்டர் இலவசம், எக்ஸ்ரே இலவசம். கால் வலியிலும் மதுரை ஜெயித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் நர்ஸ் கேட்டார்:

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லை."

"நீங்க பேஷண்டு. எக்ஸ்ரேக்கு யாரு தள்ளிட்டுப் போவா? மருந்து யாரு வாங்குவா? கூட யாரு?"

ஜெர்மனியில் இப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாவம் பார்ப்பது தெரிந்தது. அந்தப் பார்வை என் காலுக்கு இல்லை. மூன்று கட்டத்திலும் ஆஸ்பத்திரிச் செலவு எழுதியிருந்தேன். கூட ஆள் என்று ஒரு வரி எதிலும் இல்லை.

"நான்தேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பஞ்சவர்ணம் கையில் என் நோட்டு. ஆட்டோவிலேயே விட்டிருந்தேன், ஆட்டோக்காரர் வாசலில் அவரிடம் கொடுக்க, என்னிடம் சேர்த்துவிட்டுப் போகத் திரும்பி வந்திருக்கிறார்.

"நீங்க என்ன உறவு?"

"எதுத்த சீட்டு."

"அதெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்பத் தங்கச்சின்னு போடுங்க."

மதியம் 2.00. எலும்பு முறியவில்லை, சவ்வுதான் விலகியிருந்தது. கட்டுப் போட்டார்கள். அதுவரை பஞ்சவர்ணம் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினார், வரிசையில் நின்றார், டீ வாங்கித் தந்தார், படியைப் பார்த்து இறங்கத் தெரியாதவனுக்கு விமானம் எதற்கு என்று திட்டினார்.

"ஜெர்மனியில ஆஸ்பத்திரிக்குப் போனா கூட யாருண்ணே வருவா?"

"அங்கே கூட ஆள் தேவையில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன், அது பொய். ஞாயிறு நண்பர்களே, உங்களிடமும் நான் மறைத்த ஒன்று உண்டு. போன வருடம் எனக்குக் கண்புரை நீக்கினார்கள். செலவு முழுவதும் காப்பீட்டில் போனது. ஆனால் முடிந்ததும், "உங்களைக் கூட்டிப்போக யார் வந்திருக்கிறார்கள்? தனியாக அனுப்ப மாட்டோம்" என்றார்கள். டாக்சி பிடித்து, ஓட்டுநரை உள்ளே வரச் சொல்லி, நண்பர் என்று கைகாட்டிவிட்டு வந்தேன். முப்பத்தெட்டு யூரோ. அன்றைக்கு நான் செய்தது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இன்றைக்கு அதை அந்த அம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் டீக் கிளாசைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "நம்ம காசுக்கு எம்புட்டு?"

"நாலாயிரம் பக்கம்."

"நாலாயிரத்துக்கு நான் ஒரு மாசம் கூட இருப்பேனேண்ணே!"

சிரித்து முடித்ததும் தன் கண்ணைக் காட்டினார். அவருக்கும் புரை, இரண்டு கண்ணிலும். புருசன் இல்லை. திருப்பூரில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைப்பதில்லை. கூட ஆள் இல்லாமல் இரண்டு முறை ஆபரேசனைத் தள்ளிப்போட்டுவிட்டார். "அடுத்த திங்கக்கெழம மறுபடி வரச் சொல்லியிருக்காக. இன்னைக்கு ஒங்க காலால என் மனுவும் போச்சு. அன்னைக்குக் கூட ஆளு நீங்கதேன், ஆமா."

என் திரும்பும் விமானம் சனிக்கிழமை.

வெள்ளி, மாலை 5.00. பசுமலை வீட்டுக்காரரிடம் நொண்டிக்கொண்டு போய் நின்றேன். வாடகையில் பேரம் இல்லை, அட்வான்சில் பேரம் இல்லை. அவருக்கு ஒரே தயக்கம்தான்.

"தனி ஆளுக்குக் குடுக்க யோசனையா இருக்கு சார். ஒங்களுக்கு ஒண்ணுன்னா கூட யாரு?"

"தங்கச்சி இருக்கு" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டேன். இரவு மகளிடம் சொன்னபோது, "எந்தத் தங்கச்சிப்பா? நீங்க ஒத்தப் பிள்ளையாச்சே" என்று அலறினாள்.

விமானத் தேதியை மாற்ற நூற்று நாற்பது யூரோ. ஜெர்மனியில் சாமான்களைக் கட்டி, பட்டறையில் விடைபெற்று, டிசம்பர் கடைசியில் மதுரைக்குத் திரும்புவேன்.

திங்கள், காலை 10.40. இதை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் ஒரு வயர்க்கூடை, அதில் ஒரு ஃபிளாஸ்க், இரண்டு பன், பஞ்சவர்ணத்தின் வளையல்கள். நோட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாயிற்று. கூட ஆள்: ஜெர்மனி, முப்பத்தெட்டு யூரோ. கனடா, மகளைக் கேட்க வேண்டும். மதுரைக் கட்டத்தில் என்ன போடுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"பஞ்சவர்ணம் கூட யாரு வந்திருக்கா?"

நோட்டை மூடிக் கூடைக்குள் போட்டுவிட்டு, நான்தான் என்று எழுந்தேன்.