முள் பாதிக்குக் கீழே இறங்கினால்

அந்த வண்டி முதன்முறையாக நின்றது கோரிமேட்டில், மருத்துவமனைக்கு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேருந்துகளுக்கு நடுவில். காலை ஒன்பது இருபது. இன்ஜின் இரண்டு முறை இருமியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஓசை இறங்கிக்கொண்டே போய் அணைந்துவிட்டது. டீசல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பின்னால் நின்ற பேருந்துக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இன்னா சார், ஆஸ்பத்திரி வாசல்லயே உசுர வுட்டுடுச்சா?" என்றார்.

வாங்கிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. விற்றவர் என் மனைவியின் அண்ணன்.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். பாரிஸுக்கு அருகே இருக்கும் மகளோடு நிரந்தரமாகப் போய்விடுவது என்று முடிவு செய்து, நான்கு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஏழு பேர் உட்காரக்கூடிய அந்தப் பெரிய டீசல் வண்டியை எங்களுக்குத்தான் கொடுப்பேன் என்றார். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல மாப்ளே." என் மனைவி அன்று அழுதாள். நான் வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். இவ்வளவு அன்போடு ஒரு பழைய வண்டியை ஒருவர் ஏன் தள்ளிவிடுகிறார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்லவில்லை.

எனக்கு நில அளவை வேலை. அளந்ததை அன்றே எழுதிவிட வேண்டும் என்பது இருபது வருடப் பழக்கம். வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், கிலோமீட்டர், இடம், உள்ளே யார் இருந்தார்கள், மழையா வெயிலா. டீசல் போட்ட நாளைத் தனிப் பக்கத்தில் எழுதினேன். மாதத்தின் முதல் வாரத்தில் டாங்க்கை நிரப்புவேன், பிறகு அடுத்த மாதம்தான். மூன்று மாதத்தில் வண்டி ஏழு முறை நின்றது. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் முடிந்து கூடைகள் வரும் நேரத்தில் சாலைக்குக் குறுக்காகவே ஒருமுறை நின்றபோது நான் வாங்கிய வசவுகளை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

தட்டாஞ்சாவடியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிட நான்கைந்து வயது சிறியவர், டீசல் வண்டி மட்டுமே பார்ப்பவர். "ஏர் புடிக்குது சார்" என்றார். டீசல் போகும் வழியில் காற்று நுழைந்துவிட்டால் பம்ப் டீசலை இழுக்க முடியாது, இன்ஜின் பட்டினி கிடந்து அணைந்துவிடும். வழியில் நின்றால் என்ன செய்வது என்று காட்டிக்கொடுத்தார். ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, பக்கத்திலுள்ள குமிழைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கினால் வண்டி கிளம்பும். நானும் அதன்பின் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கிளப்பினேன். ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது?

அவர் முதலில் ஃபில்டரை மாற்றினார். அடுத்து, டாங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன ஃபீட் பம்ப்பை மாற்றினார். மூன்றாவது முறை போனபோது, பெரிய பம்ப்பையே கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. நல்ல பம்ப்பைக் கழற்றி வேறொருவருக்குப் போட்டுவிட்டு, யாருடைய பம்ப்பையோ எனக்கு மாட்டினால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? மறுநாள் சிவப்புப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துப்போய் பம்ப்பின் மூன்று இடத்தில் புள்ளி வைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னா சார், சர்வே கல்லு நட்டுட்டீங்களா? பட்டாவும் எழுதிடுங்க."

நான் சிரிக்கவில்லை. "கழட்றப்ப நான் பக்கத்துல இருப்பேன்" என்றேன்.

அந்த வாரம் மச்சான் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போக வண்டியைக் கேட்டார். இருபத்தைந்தாம் தேதி. நிச்சயம் வழியில் நிற்கும், அப்போதாவது தெரியட்டும் என்று சாவியைக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"என்கிட்ட நிக்காது மாப்ளே. வண்டிக்கு ஆளத் தெரியும்."

அவர் போனபின் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டீசல் முள் உச்சிக் கோட்டில் நின்றது. டாங்க்கை முழுக்க நிரப்பிக் கொடுத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லையே, எதற்கு? அவர் மனது உறுத்துகிறது, அதுதான் டீசலாக நிரம்பியிருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கு இந்த வண்டியின் நோய் தெரியும். அதை அடக்கும் வித்தையும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

மனைவிக்கு என் முகம் தெரியும். "அண்ணன் ஊருக்குப் போறதுக்குள்ள எதையாவது பேசிக் கெடுத்துடாதீங்க" என்றாள். "பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். மனஸ்தாபத்தோட போயிட்டா அப்புறம் எங்க போய்ப் பாக்கிறது?" அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வேறு உடன்பிறப்பும் இல்லை. பேசமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பேசிவிட்டேன். அவர் கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மதியம் சாப்பிட வந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில், "உங்ககிட்ட இருந்தப்ப வண்டி எத்தினி தடவை நின்னுச்சு மச்சான்?" என்று கேட்டேன்.

"ஒரு தடவைகூட இல்ல."

"மூணு மாசத்துல என்கிட்ட ஏழு தடவை."

"நான்தான் சாவி குடுக்கிறப்பவே சொன்னேனே, எப்பவும் ப்ளேன் பண்ணிட்டு எடுங்கன்னு."

அவர் ஆங்கிலச் சொல்லையும் பிரெஞ்சு நாக்கோடுதான் சொல்வார். பிளான் பண்ணாமல் வண்டி எடுக்கிறேன், அதனால்தான் நிற்கிறது என்கிறார். என்னிடம், நோட்டுப் போட்டு எழுதுகிறவனிடம்! எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது.

"பிளான் பண்ணாம நான் குளிக்கக்கூடப் போறதில்ல மச்சான். பொய் சொல்லி வண்டிய வித்துட்டு, எனக்குப் புத்தி சொல்றீங்களா?"

அவர் கையை உதறினார். "பொய்யா?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார். அவள் பதில் சொல்லும் முன்பே எழுந்து கைகழுவிவிட்டுப் போய்விட்டார். வழியனுப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து வைக்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னோடு எந்தப் பேச்சும் எடுக்கவில்லை.

நான் சொன்னது உண்மை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மறுவாரம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறையில் போய் உட்கார்ந்தேன். பெரிய பம்ப்பைக் கழற்றும் முன் மெக்கானிக் ஒன்று செய்து பார்த்தார். டாங்க்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கிவிட்டு, ஒரு கேனில் டீசலை ஊற்றி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்ப்புக்கு ஒரு ட்யூப் விட்டார். இன்ஜின் இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு இருமல்கூட இல்லை.

"பம்ப்பு தங்கம் சார். உங்க சர்வே கல்ல அழிச்சுடலாம்" என்றார். பிறகு, "நிக்கிறப்பல்லாம் முள்ளு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

நோட்டைத் திறந்தேன். நேரம் இருந்தது, இடம் இருந்தது, மழை இருந்தது. முள் இல்லை. டீசல் இருக்கிறது என்று பார்த்ததோடு விட்டிருக்கிறேன், எவ்வளவு என்று ஒருமுறைகூட எழுதவில்லை. ஆனால் ஏழு தேதிகளும் இருபதுக்கும் மாதக் கடைசிக்கும் நடுவிலேயே இருந்தன. அதை அவரிடம் காட்டினேன். எழுதியது நானாக இருந்தும் எனக்கு அது கண்ணில் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

டாங்க்கின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தார். அதன் அடியை விரலால் அடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, மேல்முனையில் வாயை வைத்து ஊதினார். குழாயின் நடுவிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. ஒரு தலைமுடி அளவு வெடிப்பு.

"டீசல் இதுக்கு மேல இருக்கிற வரைக்கும் வெடிப்பு முழுகி இருக்கும், டீசலத்தான் உறிஞ்சும். பாதிக்குக் கீழ எறங்கிட்டா காத்த உறிஞ்சும். பம்ப்பு இன்னா பண்ணும், பாவம்."

அப்படியானால் காரைக்கால் போனபோது மச்சான் நிரப்பியது இதற்காகத்தான். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. மெக்கானிக் வேறு குழாய் தேடிப் போன நேரத்தில், பழைய குழாயைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன்.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். "வாங்க" என்றார், உட்காரச் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன்.

"பாதிக்குக் கீழ டீசல் போனா வண்டி நிக்கும். அதான் காரைக்கால் போறப்ப ரொப்பினீங்க."

"ரொப்பாம எப்பிடிப் போறது? நான் எந்த வண்டியையும் பாதிக்குக் கீழ வுட்டதே இல்ல மாப்ளே. சர்வீஸ்ல வண்டி உள்ள வந்தா மொத வேலை ப்ளேன். ப்ளேன் பண்ணாம சாவிய வெச்சா தண்டனை. பழகிப்போச்சு."

"ப்ளேன்னா?"

"டாங்க்க முழுசா ரொப்புறது. பிரெஞ்சுல அப்பிடித்தான் சொல்லுவோம். ஏன், நீங்க இன்னான்னு நெனச்சீங்க?"

நான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த வெடிப்பு இருப்பது அவர் பழக்கத்தாலேயே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொய் சொன்னேன்னு தங்கச்சி முன்னால சொன்னீங்க. இதையும் அது முன்னால சொல்லிடுங்க" என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் முழுக்கச் சொன்னேன், பிளானையும் ப்ளேனையும் விடாமல். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "ஞாயித்துக்கிழமை அண்ணன் வருதாமா?" என்று மட்டும் கேட்டாள். நான் போய் அழைத்தேன். வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனேன். மெக்கானிக் கணக்கு முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சார்" என்றார். "டாங்க் மூடியில அஞ்சு ஸ்க்ரூ. அதுல ரெண்டு வேற சைஸு. யாரோ முன்னாடியே தொறந்து பாத்திருக்காங்க."

"எப்ப இருக்கும்?"

"அது எப்பிடிச் சொல்றது? உங்க மச்சானுக்கு முன்னாடி வேற ஓனர் இருந்தாரா?"

இருந்தார். மச்சானும் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கியிருந்தார். திறந்தது அந்த ஆளாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டு திருகுகளையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஞாயிறு மதியம் அவர் வந்தார். மனைவி வஞ்சிரம் வறுத்திருந்தாள். எல்லாரும் ஏதேதோ பேசினோம், விமானத்தில் எத்தனை கிலோ எடுத்துப் போகலாம் என்பதைப் பற்றி. நடுவில் அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மெக்கானிக் வேற எதாச்சும் சொன்னாரா மாப்ளே?"

கரண்டியோடு நின்றிருந்த மனைவியின் கை அசையவில்லை. அவர் எதற்காகக் கேட்கிறார்? சும்மா கேட்கிறவர் அப்படிக் குனிந்துகொண்டா கேட்பார்?

"ஒண்ணும் சொல்லல மச்சான். இனிமே நிக்காதாம்" என்றேன்.

"சந்தோஷம்" என்றார்.

மனைவி அவர் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். பிறகு என் இலையிலும் ஒன்று வைத்துவிட்டு, பல நாளுக்குப்பின் என் முகத்தைப் பார்த்து, "சோறு போடட்டுமா?" என்று கேட்டாள்.