கிரகணம் பார்த்த பிளேட்

இருமலில் ரத்தம் வந்த அன்றே எனக்குக் காசம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே முடிவு கட்டிவிட்டது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்திருந்த சமயம் அது. என் மகனுக்கு எட்டு மாதம். மாமியார் அவனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் முன்னறையில் கிடந்தேன். அவன் தவழ்வதை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், தொடக் கூடாது. பால் கட்டி நெஞ்சு வலித்தது. மாமியார் மேல் அப்படியொரு கோபம் எனக்கு.

மதுரையில் எடுத்த எக்ஸ்ரே பிளேட்டில், நுரையீரலில் நாவற்பழம் அளவுக்கு ஓர் உருண்டை நிழல். பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். எங்கள் டாக்டரம்மா மட்டும் கொட்டவில்லை. சளியில் காசக் கிருமி இல்லையே, நிழலின் ஓரம் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறதே என்று பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எல்லாரும் நிழலையே பார்த்தார்கள். அவர் பக்கத்து விலா எலும்பையும் பார்த்தார். அதில் பழைய முறிவு கூடிய தடம் இருந்தது.

"இது எப்ப ஒடஞ்சது?" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் வில்வண்டியிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். அப்போதும் பிளேட் எடுத்தார்களா என்று கேட்டார். எடுத்தார்கள், இராஜபாளையத்தில் என் பிறந்த வீட்டில் இருந்தது. வாங்கி வர என் கணவர் போனார்.

போனவர் நான்கு துண்டுகளோடு வந்தார். சூரிய கிரகணத்தன்று என் தம்பி அதைக் கத்தரியால் நறுக்கித் தெருவுக்கே பங்கு வைத்திருக்கிறான். கறுப்புப் பிளேட் வழியாகப் பார்த்தால் கண் கெடாது என்று எந்த மகராசனோ சொல்லியிருக்கிறான். என் நெஞ்சு வழியாக ஊரே சூரியனைப் பார்த்திருக்கிறது. பாவம், கூச்ச சுபாவியான என் கணவர் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்டாட்டியின் நெஞ்சைச் சேகரித்திருக்கிறார். முக்கியமான துண்டு ஒரு தெலுங்குக்கார அம்மா வீட்டில், அடுத்த கிரகணத்துக்கென்று பத்திரமாக இருந்ததாம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. துண்டுகளை ஜன்னல் கண்ணாடியில் சேர்த்து ஒட்டி, புதுப் பிளேட்டைப் பக்கத்தில் பிடித்தார். பழையதிலும் அதே இடத்தில் அதே நிழல். அன்று விலாவை மட்டும் பார்த்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. ஸ்கேல் வைத்து இரண்டையும் அளந்தார்.

"நூலளவு கூட வளரல. கெட்ட கட்டின்னா இம்புட்டு வருசம் சும்மா இருக்காது. ஆனா சதையப் பாக்காம நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

சென்னைக்கு அனுப்பினார். அங்கே தொண்டை வழியாக இரும்புக் குழாயை இறக்கி, மூச்சுக்குழாய்க்குள் எட்டிப்பார்த்த கட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்கள். அந்த வேதனையை எழுதப் போவதில்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது வெறும் குருத்தெலும்பு; நம் காது மடலில் இருக்கிறதே, அதே சங்கதி. அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலிலும் வருமாம். அது மூச்சுக்குழாயை உரசியதில்தான் ரத்தம் வந்ததாம். யாருக்கும் தொற்றாதாம், உயிருக்கும் கேடில்லையாம்.

டாக்டரம்மா தாமே வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். பிள்ளையைக் கொடுக்கலாமா என்று மட்டும்தான் மாமியார் கேட்டார். கொடுக்கலாம் என்றதும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவன் என்னைப் பார்த்து வீறிட்டு அழுது, அவரிடமே தாவினான். எனக்குப் பெற்ற வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலமே மாமியார் துணிமூட்டையோடு கான்சாபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"நான் கண்ணுல பட்டா உங்கிட்ட ஒட்ட மாட்டான். ஒட்டுன பொறவு சொல்லிவிடு, வாரேன்."

என் இடுப்பிலிருந்து கையை நீட்டி அவன் கதறிக்கொண்டிருந்தான். அவர் திரும்பியே பார்க்காமல் நடந்தார்.