ஒரே மரத்தில் நாலு கம்பெனி ஒயர்

கேபிள்காரனுக்கு வரும் போன் எதுவும் படம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்வதற்காக வருவதில்லை.

ஏற்காட்டில் கேபிள் நடத்துகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு எதிரிகள் மழையும் மேகமும்தான். இப்போது போன் கம்பெனி டிவி காட்டுகிறது. டிவி செய்கிற கம்பெனி தனியாகச் சேனல் நடத்துகிறது. சோப்பும் செருப்பும் வீட்டுக்கு அனுப்புகிற கம்பெனி சினிமா எடுக்கிறது. நானும் சும்மா இல்லை, இன்டர்நெட் விற்கிறேன். யார் என்ன தொழில் செய்கிறோம் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மாதாமாதம் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டிவிட்டு, எந்த ரிமோட் எதற்கு என்று விழிக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் கவலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட்டின் லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர் குடும்பங்கள்தான் என் பெரிய வாடிக்கை. அந்த ஊர் வரைக்கும் ஒரு போன் கம்பெனி பைபர் இழுத்துவிட்டது. அங்கே யாரும் தனியாக மாறுவதில்லை. மாறினால் எல்லாரும் சேர்ந்துதான் மாறுவார்கள். மழைக்கு முன்னால் கூடிப் பேசி முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் போய்விட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான். அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நடந்தவை இவை.

இரண்டு ஆசீர்வாதம்

ஸ்டெல்லா டீச்சர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்து, அதில் எல்லாச் சேனலும் வருகிற மாதிரி செய்துவிட்டுப் போனார். டீச்சர் வரச்சொன்னதும் செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. மூட்டு வலியால் அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. ஹாலில் என் கேபிளில் பூசை ஓடுகிறது. சமையலறையில் போனிலும் அதே பூசை. கேபிளில் வருவது முன்னால் வந்துவிடும், போனில் வருவது கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். டீச்சர் ஹாலில் ஒரு முறை சிலுவை போட்டுக்கொண்டு, குழம்பைக் கிண்டப் போன இடத்தில் இன்னொரு முறை போட்டுக்கொண்டார். அவர் கூப்பிட்டது ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றத்தான். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு எதற்கு டீச்சர், ஒன்றை நிறுத்திவிடலாமே என்று கேட்டேன். போட்டிக்காரனுக்கு நானே வழி சொல்லிக் கொடுக்கிறேனே என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி. உன்னுதுல ஒரு வாட்டி ஆசீர்வாதம் வாங்கறேன், அது லேட்டா வர்றதால இன்னொரு வாட்டி கிடைக்குது."

கல்யாணச் செலவு

தலைச்சோலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மாதப்பனுக்கு என் இணைப்பு கிடையாது. விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. ஆனாலும் போனில் படம் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார். பார்த்துக்கொண்டிருந்த தொடர் திடீரென்று காணோம், படம் காட்டுகிற கம்பெனியின் பெயரே மாறிவிட்டது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சத்தம் போட்டார்.

நான் ஒன்றும் செய்யவில்லை என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒன்றையொன்று ஒழித்துக்கட்டப் பார்த்த இரண்டு கம்பெனிகள் இப்போது ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டன, உங்கள் தொடர் புதுப் பெயரில் இருக்கும், அதற்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்றேன். நான் எதற்காக முன்பின் பார்த்திராத கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் கிடைப்பதற்குள் அவருக்குக் கேள்வி கிடைத்துவிட்டது.

"ஏனுங்க, கல்யாணம் கட்டிக்கிட்டது அவங்க ரெண்டு பேரு. பத்திரிகை வெக்கல, பந்தியும் போடல, நம்மகிட்ட எதுக்குங்க மொய் மட்டும் கேக்கறாங்க?"

கிளை கழித்த நாள்

எங்கள் மலையில் கம்பம் இருக்கிற இடத்தைவிட சில்வர் ஓக் மரம் இருக்கிற இடம் அதிகம். எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் அந்த மரங்களில்தான் நாங்கள் ஒயர் கட்டுகிறோம். கீழிருந்து மிளகுக்கொடி ஏறும், மேலே கேபிள் போகும். மழைக்கு முன்னால் வெயில் உள்ளே விழுவதற்காகக் கிளை கழிப்பார்கள். அரிவாளுக்குக் கிளை எது, கேபிள் எது என்று தெரியாது. அதனால் எங்களுக்கு அந்தச் சமயத்தில்தான் வேலை அதிகம்.

இந்த முறை கொட்டச்சேடு போகிற வழியில் ஒரே மரத்தில் நாலு ஒயர் அறுந்து தொங்கியது. என்னுடையது, போன் கம்பெனியின் பைபர், இன்னொரு இன்டர்நெட் கம்பெனியுடையது, எஸ்டேட் கேமராவுடையது. கம்பெனிக்குப் போன் போட்டால் இந்திக்கு ஒன்றை அழுத்தச் சொல்கிறது என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். என்னுடன் வெகுகாலமாக வேலை பார்க்கும் ஜோசப் மரத்தில் ஏறினான், நான் இடுப்பு வலியோடு கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நம்முடையதை ஒட்டியதும் கீழே பார்த்தான். நான் தலையாட்டினேன். மற்ற மூன்றையும் ஒட்டினான்.

இறங்கியதும் எனக்குள் குடைச்சல் ஆரம்பித்தது. என் பிழைப்பைப் பறிக்க வந்தவனின் ஒயரை என் மிஷினிலேயே ஒட்டிக் கொடுக்கிறேனே, நான் நல்லவனா, ஏமாளியா, இரண்டும் ஒன்றுதானா? வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஜோசப் மேலே கை காட்டினான். எங்களுடைய பழைய கேபிள் தாங்குகம்பி இற்றுப்போய், போன் கம்பெனியின் புதுக் கம்பியின் மேல் சாய்ந்து படுத்திருந்தது.

"நொம்ப யோசிக்காதீங்கண்ணா. அவனுத கட்டாம உட்டா, நம்முளுது எதுமேல நிக்கும்?"

லைன் வீட்டு முடிவு

கடைசியில் கூட்டத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சம்பளம் போட்ட மறுநாள், வேலை முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு மேஸ்திரியாக இருக்கும் சரசுதான் நடுவில். போன் கம்பெனியின் விற்பனை ஆளும் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். டிவி, போன், நெட், சினிமா, பிள்ளைகளுக்குப் பாடம், எல்லாம் ஒரே ஒயரில் வரும் என்று நன்றாகப் பேசினார். எனக்கே சேர்ந்துவிடலாம் போலிருந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் சொன்னதெல்லாம் உண்மைதான் என்றேன்.

சரசு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கிளை கழிக்கும்போது ஒயர் அறுந்தால் யார் வருவார்கள்? போனிலேயே புகார் பதிவு செய்யலாம், உள்ளூர்ப் பார்ட்னர் உடனே வருவார் என்றார் அவர். அந்தப் பார்ட்னர் யார் என்று கேட்டார்கள். அவர் தன் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதிக்கு இன்னும் ஆள் போடவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். வாசலில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

அங்கேயே முடிந்துவிட்டது. எல்லா வீடும் அந்தக் கம்பெனிக்கு மாறும், ஆனால் பார்ட்னராக என்னைப் போட்டால்தான் மாறும். டை கட்டியவர் அப்போதே சரி என்று என் பெயரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். என் பாக்ஸ்களைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, ஒவ்வொரு வீட்டுக்காரராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் கைப்பிடி மிளகும் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். கை நிறையப் பாக்ஸுடன் நின்ற எனக்கு, ஜெயித்தேனா தோற்றேனா என்று பிடிபடவில்லை. கடையை மூட வேண்டியதில்லை. ஆனால் அது இனி என் கடைதானா? முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சரசு பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"ஏனுங்கண்ணா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க? நாங்க கம்பெனியத்தானுங்க மாத்தறோம், மரத்துல ஏறறவங்களையா மாத்தறோம்?"

பெரிய பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்து, கடைசியில் எல்லாம் ஒற்றுமையாக வந்து சேர்ந்திருக்கும் ஒரே இடம், இன்றைய தேதியில், என் இடுப்பு வலிதான்.