இல்லாத பையனுக்கு வாங்கிய முழங்கால் பேட்

தொம்மலூரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே கூட்டிப்போவார்கள். நான் அங்கே ஜெராக்ஸ் எடுப்பது, தபால் பிரிப்பது, பேனா பென்சில் கொடுப்பது என்று இருந்தேன். பத்தாவது வரை படித்தவள். மற்றவர்கள் எல்லாம் என் மகள் வயதுப் பிள்ளைகள். என்னை ஆன்ட்டி என்பார்கள். வேனை விட்டு இறங்கியதும் பேக், செல்போன், கைக்கடிகாரம், செருப்பு எல்லாவற்றையும் என் பக்கத்தில் குவித்து, "ஆன்ட்டி, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள். ஆட வருகிறீர்களா என்று யாரும் கேட்டதில்லை. வருகிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வந்ததில்லை. மாலை வரை மரத்தடியில் அந்த மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாக உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் பெயின்ட்பால் என்றார்கள். துப்பாக்கியில் சாயக் குண்டு வைத்து ஒருவரை ஒருவர் சுடும் ஆட்டம். ஏற்பாடெல்லாம் ஆபீசில் இருந்த சேலத்துப் பெண்ணுடையது. டீ நேரத்தில், "யார் யார் ஆடறீங்க?" என்று அவள் கேட்டபோது நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

"சூப்பர் ஆன்ட்டி!" என்றாள். "ஆனா முழங்காலுக்குப் பேட் இல்லாம உள்ள விடமாட்டாங்களாம். அங்க வாடகைக்கு இருக்கறது கொஞ்சம்தான், அதுவும் ஒரே வேர்வை நாத்தம். நீங்களே ஒண்ணு வாங்கிடுங்க. உங்களுக்குக் கம்ஃபர்ட்டா இருக்கறதா பாத்து."

சுலபமாகச் சொல்லிவிட்டாள். பஸ் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து என் இடது முழங்கால் கடினமான எதையும் பொறுக்காது. பேட் சரியில்லை என்றால் மறுபடியும் மரத்தடிதான். கை தூக்கிவிட்டு மரத்தடியில் உட்காருவது, தூக்காமலே உட்காருவதைவிடக் கேவலம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயா சுடப்போற? கரப்பான்பூச்சி வந்தாலே கட்டில் மேல ஏறிக்கிற" என்று சிரித்தார். கடைக்குத் துணைக்கு வாருங்கள் என்று கேட்க இருந்தேன். கேட்கவில்லை.

முதலில் விவேக் நகரில் எங்கள் தெரு முனை மெடிக்கலில் கேட்டேன். எலாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துப்போட்டார். "இது வலிக்குப் போடறதும்மா. விழுந்தா தாங்காது" என்று அவரே திருப்பி வைத்துக்கொண்டார். ஆபீஸ் முடிந்து சிவாஜி நகருக்கு பஸ் ஏறி, விளையாட்டுச் சாமான் கடை ஒன்றுக்குப் போனேன். கடை நிறைய காலேஜ் பையன்கள். முதலாளி வயதான பாய்.

"இன்னா வேணும்மா?"

"முழங்காலுக்குப் போடற பேட்."

"யாருக்கு? பையனுக்கா?"

எனக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஆனால் அத்தனை பேர் நடுவில், புடவை கட்டிக்கொண்டு, எனக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? "ஆமா, பையனுக்கு" என்றேன்.

"எவ்ளோ ஒசரம்? இவ்ளோ இருப்பானா?" என்று தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

ஸ்கேட்டிங் செய்கிற பிள்ளைகள் போடுவதைக் கட்டிக் கொடுத்தார். முன்னால் ஆமை ஓடு மாதிரி பிளாஸ்டிக். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினேன். நிற்கும்போது சரியாகத்தான் இருந்தது. காலை மடக்கியதும் பின்பக்கம் பட்டை அறுத்தது. முட்டி போட்டால் ஓடு மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பட்டையைத் தளர்த்தினால் ஓடு பக்கவாட்டில் திரும்பியது. இழுத்து இழுத்துக் கட்டி, கெண்டைக்கால் சிவந்துபோனதுதான் மிச்சம்.

மறுநாள் திரும்பவும் அதே கடைக்கு. "பையனுக்குப் பத்தல."

"பையன கூட்டினு வாம்மா. போட்டுப் பாக்காம எப்டி சரியாவும்?" என்று அலுத்துக்கொண்டார். நியாயமான பேச்சு. அந்த நியாயம்தான் எரிச்சலாக இருந்தது. பையனும் நானே, அம்மாவும் நானே, அங்கே நின்றுகொண்டு புடவையைத் தூக்கிப் போட்டுப் பார்க்க முடியாதவளும் நானே. "அவனுக்கு ஸ்கூல் இருக்கு" என்றேன். முனகிக்கொண்டே வாலிபால்காரர்கள் போடுவதை மாற்றிக் கொடுத்தார். துணி உறை, முன்னால் மெத்தென்று பஞ்சு வைத்தது. "இது பெரிய ஆளுக்கே போதும்" என்றார்.

இதையாவது ஒழுங்காகச் சோதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முட்டி போட எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் புடவைக்குள்ளே இரண்டையும் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஜெபமாலை முழுக்க முழந்தாளிட்டேன். வலியே இல்லை. ஆண்டவர் முன்னால் மெத்தை போட்டு முட்டி போடுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் புடவை புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா அக்கா, முட்டி இப்டி வீங்கிக் கெடக்குது? வாதமா? நம்ம வீட்ல எண்ணெய் இருக்குது, வாங்கினு போங்க" என்று கிசுகிசுத்தாள். வாதம் என்றே ஒப்புக்கொண்டேன்.

பேட் பாஸ் என்று நினைத்தேன். கோயிலில் யாரும் ஓடுவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டத்தன்று புடவையை விட்டுச் சல்வார் போட்டுக்கொண்டு போனேன். மைதானத்தில் எல்லோருக்கும் பச்சை நிறத்தில் தொளதொளவென்று ஒரு மேலுடை கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும். நைலான் துணி. பேட்டை உள்ளே போடப் போனேன். "வெளிய தெரியணும் ஆன்ட்டி, அப்பதான் விடுவாங்க" என்றாள் சேலத்துப் பெண். சரி என்று மேலே மாட்டினேன்.

விசில் அடித்ததும் ஓடினேன். நாலடி போவதற்குள் இரண்டு பேட்டும் கணுக்காலுக்கு இறங்கிவிட்டன. குனிந்து ஏற்றினேன். மறுபடி இறங்கின. ஒரு தகர டிரம்முக்குப் பின்னால் போய் முட்டி போட்டேன். இடது முழங்கால் நேராகச் சரளைக் கல்லில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கையால் பேட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துப்பாக்கியைத் தூக்கப் பார்த்தேன். முகமூடியில் சொத்தென்று மஞ்சள் சாயம்.

"ஆன்ட்டி அவுட்டு!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் சேலத்துப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? பேசாம நெழல்ல உக்காருங்க. அப்படியே அந்த பேக்கெல்லாம்..."

மீதியைக் கேட்காமல் உடை மாற்றும் கொட்டகைக்குள் போனேன். கோபம் கோபமாக வந்தது. அவள்மேலா, பாய்மேலா, பேட்மேலா என்று தெரியவில்லை. மேலுடையைக் கழற்றி, சல்வாரைச் சுருட்டி, பேட்டை வெறும் காலில் மாட்டி, அதன்மேல் எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன். நடந்து பார்த்தேன். ஓடியும் பார்த்தேன். அசையவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு நுழையப் போனபோது வாசலில் மைதானத்து ஆள் மறித்தார். "பேடு எல்லி மேடம்?" பேட் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஒளகடெ இதெ." உள்ளே இருக்கிறது என்றேன்.

"தோர்சி." காட்டச் சொன்னார்.

பின்னால் ஆபீஸ் பையன்கள் வரிசையாக நின்றார்கள். காலைத் தூக்கிக் காட்ட என்னால் முடியாது. வரிசையை விட்டுப் போகவும் மனமில்லை. சேலத்துப் பெண்ணைக் கைநீட்டிக் கூப்பிட்டேன்.

"இங்க வா. என் முட்டிய அழுத்திப் பாத்து, பேட் இருக்குதுன்னு அவருகிட்ட நீயே சொல்லு."

"நானா ஆன்ட்டி?"

"நீதான்! நீதான மேல போடச் சொன்ன?"

அவள் குனிந்து இரண்டு முட்டியையும் அழுத்திப் பார்த்தாள். இங்கிலீஷில் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் நகர்ந்துகொண்டார்.

அந்த ஆட்டத்தில் நான் யாரையும் சுடவில்லை. டயர் அடுக்கு ஒன்றின் பின்னால் முட்டி போட்டு, கடைசி விசில் வரை அசையாமல் இருந்தேன். என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெறும் காலில் போடு என்ற ஒரு வார்த்தையை ஒருவராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த நேரமெல்லாம் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

விசில் அடித்து எல்லோரும் வெளியே வந்தோம். ஒரு பையன் முகமூடியைக் கழற்றிக்கொண்டே என்னிடம் ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, என் பேக் எங்க?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.