முதலில் கூரை, பிறகு பெண்

பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை; ஏணியில் நிற்கத் தெரிந்தால் போதும். எழுபதுகளில் சிட்னியில் தெரியாத மொழிகளையெல்லாம் பார்த்து வரைந்தே வயிறு வளர்த்தேன். தூரிகையும் கையுமாக அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஏணிக்குக் கீழே

சீன உணவகம் வைத்திருந்த லாவ், 安 என்ற ஒற்றை எழுத்தைத் தாளில் எழுதித் தந்து, வாசலுக்கு மேலே பெரிதாக வேண்டும் என்றார். கீழ்ப்பாதி சிக்கலாகத் தெரிந்ததால் அதை முதலில் முடித்தேன். கீழே நின்று பார்த்தவர் அழிக்கச் சொன்னார். எதை முதலில் எழுதினால் என்ன, முடிந்த பிறகு யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். தனக்குத் தெரியும் என்றார். மேலே இருப்பது கூரை, கீழே இருப்பது பெண். கூரைக்குக் கீழே பெண் இருந்தால் அமைதி, எழுத்து பிறந்த கதை அதுதான் என்று விளக்கினார்.

எனக்குச் சுருக்கென்றது. யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி பூமணிக்கு விசா கிடைத்து டிக்கெட்டும் போட்டாயிற்று; நானோ மூன்று பேரோடு ஒரே அறையில் கிடந்தேன். அதைச் சொன்னதும் லாவ் சாயம் அழிக்கும் டர்பென்டைன் துணியை நீட்டினார். "கூரையே இல்லை, பெண்ணை எங்கே உட்கார வைக்கப்போகிறாய்?"

பீங்கான் கடை

அடுத்த வாரம் பீங்கான் கடை வைத்திருந்த ஒரு ஜப்பானிய அம்மாள் மலிவு விற்பனைக்கு அட்டை எழுதக் கூப்பிட்டார். தாளில் அதே எழுத்து. இந்த முறை கூரையை முதலில் போட்டேன். அவர்கள் நாட்டில் அமைதிக்கும் இந்த எழுத்துத்தானாம், மலிவுக்கும் இதுதானாம். மலிவாக ஒரு வீடு எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் அட்டையைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தபடி சொன்னார்: "இருந்தால் நான் கடைக்குள் பாய் விரித்துப் படுப்பேனா?"

சுகமா?

தொலைபேசியில் காலியாக இருந்த ஐந்து வீடுகள், நான் நேரில் போய் நின்றதும் ஆள் வந்துவிட்ட வீடுகளாகிவிட்டன. அந்தக் கடுப்போடு ஒரு கொரியத் தற்காப்புக்கலை ஆசிரியருக்குப் பலகை எழுதப் போனேன். அவர் தன் மொழியில் முகமன் சொல்லிக் குனிந்து வணங்கினார். அது தொடங்குவதே அதே 安 எழுத்தில்தானாம்; அமைதியாக இருக்கிறீர்களா என்று அர்த்தமாம். இல்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லி, ஐந்து வீட்டுக் கதையையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "இதற்குப் பதில் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

மாடியறை

பூமணி வர ஒன்பது நாள் இருந்தது. லாவின் பலகைக்கு இரண்டாம் பூச்சுக் கொடுக்கப் போனேன். கூரை கிடைத்ததா என்றார். இல்லை என்றேன். தன் மனைவியை ஹொங்கொங்கிலிருந்து அழைத்துவர அவருக்குப் பல வருடங்கள் அனுமதி கிடைக்கவில்லையாம். சொல்லிவிட்டு மாடிக்குப் போய், எங்களுக்காக அறையைக் காலி செய்ய அரிசி மூட்டைகளை இறக்கத் தொடங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூட்டைத் தூசி என்று சொல்லிவைத்தேன்.

பூமணி வந்த அன்று, அவளை உணவக வாசலிலேயே நிறுத்தி, மேலே இருந்த பலகையைக் காட்டி எனக்குத் தெரிந்த சீனம் முழுவதையும் விளக்கினேன். கூரை, அதற்குக் கீழே பெண், அதனால் அமைதி. அவள் பெட்டியை என் கையில் தந்துவிட்டு நிதானமாக அண்ணாந்து பார்த்தாள். "ஓம், விளங்குது. உள்ளுக்கு ஆம்பிளை இல்லை, அதுதான் அமைதி."

மூன்று நாட்டாரிடம் பாடம் கேட்டு நான் படித்த எழுத்துக்கு, அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவள் உரை எழுதி முடித்துவிட்டாள்.