கோர்த்த கூலி

ஸ்படிக மாலை என்ன விலை என்று கேட்டால் மாமா விலை சொல்லமாட்டார். கல்லைப் புறப்பட வைப்பார். "மண்ணுக்குள்ள கிடந்ததை வெட்டி எடுத்த கூலி" என்று வலது கையில் ஒரு விரலை மடக்குவார். அப்புறம் அறுத்து உருட்டித் துளை போடும் ஜெய்ப்பூர்ப் பட்டறை. அப்புறம் ரயில் பார்சல். மதுரை மொத்த வியாபாரி. கடைசி விரல் காரைக்குடிக் கடை வாடகை. கை முட்டியாக மூடியதும்தான் விலை வெளியே வரும். கேட்டவருக்கு ஒரு தேசத்தையே கழுத்தில் போட்டுக்கொள்ளப் போகும் கிறுகிறுப்பு. மாமாவின் லாபத்துக்கு மட்டும் விரல் கிடையாது.

இப்போது அதே மாலை என் கைப்பேசிக்கே வந்து நிற்கிறது. வெள்ளை ஸ்படிகம், ஊதா செவ்வந்திக்கல் என்று ஒரே வயிற்றில் பிறந்த படிகக் கற்கள். விலைக்குக் கீழே 'டெலிவரி இலவசம்' என்ற வரி. அதைப் படிக்கும்போதெல்லாம் மாமாவின் விரல்கள் என் முன்னால் மடங்குகின்றன.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்று எளிதாக எழுதிவிட்டேன். மாமி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தத்தில் எத்தனை வகை உண்டு என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

மதுரையிலிருந்து மணிகள் உதிரியாக, காகிதப் பொட்டலத்தில் வரும். கோர்ப்பது அம்மா. மணியின் துளை விளிம்பு கூர்மையானது, நூலை மெல்ல மெல்ல அறுக்கும். அதனால் மணிக்கு மணி ஒரு முடிச்சு. எவர்சில்வர் தட்டில் கொட்டி, அளவு பார்த்து ஒதுக்கி, நூலை மெழுகில் இழுத்து, மதியம் முழுக்கக் குனிந்தே இருப்பாள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மாலை வாங்க வரும் நாட்கள்தான் மாமாவுக்கு அறுவடை. அப்படி ஒரு தை மாதம், பள்ளிக்கூடம் விட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த நான் மாமாவின் விரல்களோடு கூடவே போனேன். கல் மதுரையிலிருந்து ஒரே தாவாகக் கடை வாடகைக்குத் தாவியது. எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

"மாமா கணக்குல நீங்க ஏம்மா இல்ல?"

"நாம வீட்டு ஆளுகள்ல" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மானகிரியில் ஓர் அறை வாடகைக்கு வருவதை அவள் விசாரித்து வைத்திருந்தாள். தனி அடுப்பு, தனிக் கதவு. அத்தா அனுப்புவதில் அது கட்டாது. அன்றைக்கு ஊசியைத் தட்டில் வைத்தவள்தான்.

"விரல் வலிக்கிதுண்ணே" என்றாள் மாமாவிடம். மறுநாளும் வலித்தது. அதே விரல்களால் வீட்டுத் துணி முழுவதையும் கும்மிக் காயப்போட்டாள். வலி மணிகளிடம் மட்டும்தான்.

"இது என்ன பெரிய சீமை வித்தையா?" என்று மாமி கோர்க்க உட்கார்ந்தாள். முடிச்செல்லாம் நூலுக்குத் தண்டம் என்று நெருக்கிக் கோர்த்தாள். மணிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பளபளவென்று கடைக்குப் போயின.

கோட்டையூரிலிருந்து காரில் ஓர் ஆச்சி வந்தார். காவடி எடுக்கப் போகும் மகனும் கூட. மகன் மாலையைத் தலைவழியாக மாட்டி, கழுத்தில் படிய ஓர் இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டி மேல், படியில், சாக்கடையில் என்று மணிகள் வந்த வழியே ஜெய்ப்பூருக்குத் திரும்புகிறாற்போல ஓடின.

"என்னப்பா இது, சாமிக்கு நடக்கப் போற பிள்ளை கழுத்துல அறுந்து விழுகுது!"

"நூலுதான் ஆச்சி. கல்லுக்கு ஒண்ணுமில்ல."

"கல்லை யாரு கேட்டா? அறுந்துச்சுல்ல?"

கார்க் கதவு சாத்தப்பட்ட சத்தம் கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

மதியச் சோற்றுக்கு வந்த மாமா அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார். "ஒனக்கு என்னத்தா வேணும்? சொல்லு."

"ஜெய்ப்பூர்க்காரனுக்குக் கூலி குடுக்குறீக. பார்சலுக்குக் குடுக்குறீக. எனக்கும் குடுங்கண்ணே."

"அவன் அன்னிய ஆளு. நீ என் கூடப் பொறந்தவ."

"என்னையும் அன்னிய ஆளா வச்சுக்கங்களேன்."

"அன்னிய ஆளுக திங்கிற சோத்துக்கும் காசு வைப்பாகளே!" அடுப்படியிலிருந்து மாமி.

அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாமா கறிவேப்பிலையை ஒதுக்கிக்கொண்டே யோசித்தார். "சரித்தா. இனிமே கோர்த்த கூலின்னு தனியாச் சொல்லியே வாங்குறேன். அந்தக் கூலியில வர்றது பூராவும் ஒனக்கு. நான் தொடமாட்டேன். போதுமா?"

மாமா கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லைத் தாண்டமாட்டார். அம்மா அன்றைக்கே ஊசியை எடுத்தாள்.

அதன்பிறகு நான் கடையே கதி என்று கிடந்தேன். வலது கை மூடியதும் மாமா இடது கையைத் தூக்கி, ஒற்றை விரலை மடக்கி, "கோர்த்த கூலி" என்பார். பள்ளிக்கூட விழாவில் என் பெயரை மைக்கில் கூப்பிட்ட மாதிரி இருக்கும் எனக்கு. வாங்க வந்தவர்கள் குறைத்துக் கேட்பார்கள். எங்கள் ஊரில் குறைத்துக் கேட்காமல் வாங்கினால் கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும். மாமா வலது கையை மறுபடி விரிப்பார். "வெட்டுனவன் குறைப்பானா? ஜெய்ப்பூர்க்காரன் குறைப்பானா? ரயிலு குறைக்குமா? மதுரைக்காரன்தான் விடுவானா, வாடகை வாங்குறவன்தான் விடுவானா?" ஒவ்வொரு விரலையும் அசைத்துப் பார்ப்பார். ஒன்றும் அசையாது. பிறகு இடது கைக்கு வருவார்.

"சரி, உங்களுக்காக ஒண்ணு செய்யிறேன். கோர்த்த கூலியை விட்டுடுறேன். எங்க வீட்டுப் பொம்பள கோர்த்ததுதான்."

அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு சக்தி. சுருங்கியிருந்த முகம் மலரும், பணம் கைமாறும், மாலை படியிறங்கும். மண்ணும் ரயிலும் மதுரையும் சேர்ந்து முடிக்க முடியாத வியாபாரத்தை அம்மாதான் முடித்துவைக்கிறாள் என்று நான் நம்பினேன்.

கடைசி மாலையும் விற்ற சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். மானகிரி அறையைப் பேசி முடிக்க அம்மா கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பு மாட்டியாகிவிட்டது. சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எல்லாம் வித்துப்போச்சு! கோர்த்த கூலியை விட்டுடுறேன்னு மாமா சொன்ன ஒடனே வாங்கிட்டுப் போயிட்டாக!"

தலைப்பை இழுத்த கை அங்கேயே நின்றது.

"எல்லாருக்குமா விட்டாக?"

"எல்லாருக்கும்மா!" என்றேன். அவ்வளவு பெருமையாக அவளிடம் நான் வேறெதையும் சொன்னதில்லை.

அம்மா செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். மானகிரி பஸ் போயிருக்கும், நாளைக்குப் போவோம் என்று நினைத்துக்கொண்டேன்.