என் பேத்திக்குக் கொடுத்த ஊழியம்

மலாவியிலிருந்து என் மகள் குடும்பம் மூன்று மாத விடுப்பில் வந்து இறங்கியபோது ஐந்து பேருக்கு ஒன்பது பெட்டிகள் இருந்தன. முந்தைய தடவை ஆறுதான். விமான நிலைய வாசலில் நின்று இரண்டு முறை எண்ணினேன். விடுப்புக்கு வருகிறவர்கள் குறைவாகக் கொண்டுவந்து, போகும்போது ஊறுகாயும் துணியுமாக நிறையக் கொண்டுபோவார்கள். இவர்கள் எதையோ இங்கே விட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று அப்போதே தோன்றியது. 

மகளும் மருமகனும் அங்கே ஒரு ஏரிக்கரைக் கிராமத்தில் மிஷனரிகள். பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது போனார்கள்; பேரன்கள் இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். இப்போது பேத்திக்குப் பதினொன்று, பேரன்களுக்கு ஏழும் நாலும். நான் நாஞ்சில் நாட்டுக்காரன். புள்ளிவிவரத் துறை வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, ஓய்வு பெற்று, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள வீட்டில் இருக்கிறேன். மனைவி இறந்து நாலு வருடம். அதிலிருந்து தனியாகத்தான்.

பேத்திக்கு அவர்கள் தமிழ் எழுத்து பழக்கியது வேதாகமத்தை வைத்து. அதனால் அவள் பேச்சில் வீட்டுத் தமிழும் வேதத் தமிழும் கலந்து வரும். வந்த மறுநாள் காலை என் முன்னால் வந்து நின்று, "தாத்தா, நீர் மாத்திரை புசிச்சீரா?" என்றாள். சிரித்துவிட்டேன். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்து அவளே எண்ண ஆரம்பித்தாள். காலைக்கு நாலு, இரவுக்கு மூன்று. எந்தப் பிள்ளை தானாக இப்படிச் செய்யும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். பையன்களுக்கு ஆளுக்கு ஆறு உடுப்பு, பெண்ணுக்குப் பத்தொன்பது. அவளுடையதில் கம்பளிச் சட்டை ஒன்றுகூட இல்லை. அவர்கள் கிராமத்தில் ஜூனில் குளிரும் என்று மகள்தான் முன்பு சொல்லியிருந்தாள்.

மூன்றாவது வாரம் மகள் கேட்டாள்: "அப்பா, சாலையில யூனிஃபார்ம் துணி எந்தக் கடையில நல்லா இருக்கும்?"

"ஆருக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா யூனிஃபார்ம் துணி கேட்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அந்த வாரமே மருமகன் திரும்பிப் போகும் டிக்கெட்டுகளை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். நாலு தாள். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டியும் பார்த்தேன். பேத்தியின் பெயர் எதிலும் இல்லை.

எதிர்வீட்டு மலையாளிச் சேச்சி அன்று மாலை கேட்டைத் திறந்துகொண்டு வந்து பேத்தியைப் பற்றிப் பேச்செடுத்தார். "சாரே, மோளு இனி இங்கயாணல்லோ. நந்நாயி. சாருக்கும் ஒரு துணை ஆச்சு."

"ஆரு சொன்னா?"

"மோளுடெ அம்மா பறஞ்ஞல்லோ. அய்யோ, சாருக்கு அறியில்லே?"

சாருக்கு அறியாமல் இல்லை. அறிந்ததை என்னிடம் சொல்ல ஆள்தான் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார்கள், சம்பந்தப்பட்டவர் காதில் விழும்படியாக. என் மனைவி அதில் கெட்டிக்காரி. நான் எல்லாரையும் சந்தேகப்படுகிறேன் என்பதே அவள் ஜெபத்தைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியவந்தது. மருமகனும் அதைக் கற்றுக்கொண்டிருந்தார். அன்று ஏழரை மணிக்கு எல்லாரும் தரையில் உட்கார்ந்ததும், "கர்த்தாவே, மாமாவின் தனிமையை நீர் அறிவீர். எங்கள் மகளுக்கு இந்தப் பட்டணத்தில் ஒரு வாசலைத் திறந்திருக்கிறீர்" என்று தொடங்கினார். நான் கண்ணைத் திறந்தேன். மகள் ஏற்கெனவே திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்ததும் கேட்டேன்.

"படிப்புக்குத்தான் அப்பா," என்றாள். "நாங்க இருக்க எடத்துல அஞ்சாம் கிளாசுக்கு மேல நல்ல ஸ்கூல் இல்ல. ஹாஸ்டல்ல விட மனசு வரல. இங்க நீங்க இருக்கியல்லா."

"இதை முதல்லயே சொல்லிருக்கலாமே, மக்ளே."

"சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பிய."

கேட்டிருப்பேன், உண்மைதான். ஆனால் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளே என் மனைவியின் தையல் மிஷினை உள் அறையிலிருந்து நகர்த்தி, அங்கே ஒரு மேஜை போட எத்தனை அடி இருக்கிறது என்று அளந்தேன். பள்ளி வேன் நிற்கும் இடத்துக்கு வீட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. நடந்து பார்த்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில் அவள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது விளையாட்டாகக் கேட்டேன்: "ஏன் மக்ளே, எனக்க மாத்திரைய டெய்லி எண்ணுதே? திருடிருவேன்னு பயமா?"

"அது என் ஊழியம் தாத்தா."

"என்னது?"

"அம்மா சொன்னாங்க. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்க ஊழியம். எனக்கு நீர்தான் ஊழியம். நீர் தனியா இருந்தா விழுந்திருவீராம். ஒருத்தர் கூட இருக்கணுமாம்."

என்னிடம் படிப்பு என்றவர்கள் இவளிடம் தாத்தா என்றிருக்கிறார்கள். ஒரே சேதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"உனக்கு இங்க இருக்க இஷ்டமா?"

"ஊழியத்துல இஷ்டம்னு ஒண்ணு உண்டா தாத்தா?"

"எத்தனை வருஷம்னு சொன்னாவ?"

"ஸிசானு ந்தி ஸிவிரி."

அங்கத்து மொழியில் ஆறு முதல் ஒன்பது வரை தனிச் சொல் இல்லை. ஏழு என்பதை ஐந்தும் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும், அதனால் அங்கேயும் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் எண்ணுவார்கள் என்று அவளே முன்பு எனக்குச் சொல்லியிருந்தாள். அன்று அந்த நீளமான சொல்லையே சொன்னாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம். அவளும் கணக்குப் போட்டிருந்தாள். மாத்திரைகளை டப்பாவின் அறைகளில் போட்டு மூடிவிட்டு, "அம்மாட்ட சொல்லாதேயும்" என்றாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு தம்பியைக் குளிப்பாட்டப் போனாள்.

அன்று பகல் முழுவதும், மேஜைக்கு அளந்து வைத்த உள் அறைக்குள் நான் போகவில்லை.

குடும்ப ஜெபத்தில் நான் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. பரமண்டல ஜெபத்தில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வேன், அவ்வளவுதான். அன்று மருமகன் தொடங்குவதற்கு முன், "இன்னைக்கு நான் செய்யுதேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆண்டவரே," என்றேன். "நான் தனியா இருந்து கஷ்டப்படுதேன்னு இவங்க நெனைக்காங்க. நான் சொகமா இருக்கேன், அது உமக்குத் தெரியும். எனக்க மாத்திரைய நானே எண்ணுவேன், எண்ணுத வேலைலதான் பென்ஷனே வாங்குதேன். பிள்ளைய வச்சுப் பாக்க இந்த வயசுல என்னால ஒக்காது. அஞ்சு பேரா வந்தாவ. அஞ்சு பேராப் போகட்டும். இயேசுவின் நாமத்தில்."

ஜெபத்தோடு யாரும் வாதாட முடியாது. நாலு வயசுப் பேரன் எல்லாருக்கும் முந்தி "ஆமென்" என்று கத்தினான். மற்றவர்களும் சொல்லித்தான் ஆகவேண்டும். மகள் குரல் கேட்டதா என்று காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

சமையலறையில் தோசைமாவைக் கலக்கியபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "எனக்க பிள்ளை உங்களுக்குப் பாரமா அப்பா?"

"பாரம்னு சொல்லல."

"வேற என்ன சொன்னிய? அதுவும் பிள்ளைக்க முன்னால வச்சு?"

பேத்தி சொன்னதை அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் மகள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊழியத்தில் முறுமுறுப்பு கூடாது என்று மணிக்கணக்காகப் பேசுவாள். பிள்ளை தலையாட்டிவிட்டு இங்கேயே இருந்துவிடும். அதனால், "எனக்கு முடியாது மக்ளே, வயசாச்சு" என்று மட்டும் சொன்னேன். மகள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஐந்து பேராகப் போனார்கள். பேத்திக்கு இப்போது மகளே வீட்டில் பாடம் நடத்துகிறாள். வாரம் ஐந்து நாள் அந்தக் கிராமத்துப் பெண்களுக்கு நடத்திவந்த வகுப்பை இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டாள். ஞாயிறு மாலை அழைப்பில் "சாப்பிட்டியளா" என்று கேட்டுவிட்டு உடனே போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவாள். முன்பு அரைமணி நேரம் பேசியவள். இப்போது இரண்டு நிமிடம், சில வாரம் அதுவும் இல்லை.

போன மாதம் ஏழு வயதுப் பேரன் மட்டும் திரையில் இருந்தபோது, "தாத்தா, திரும்பி வந்தப்ப அக்கா பிளேன்ல பாட்டுப் பாடிட்டே வந்தா. ஏர்ஹோஸ்டஸ் வந்து மெதுவாப் பாடச் சொன்னாங்க" என்றான்.

அதிலிருந்து ஒரு யோசனை விடாமல் குடைகிறது. யாரும் சொல்லாததை மோப்பம் பிடிக்கும் கிழவன் நான் என்பதை அந்தப் பிள்ளை ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருக்கும். என் கண்முன்னால் தினமும் டப்பாவைத் திறந்து எண்ணினால் ஒருநாள் நான் கேட்பேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றது உண்மையான பயமா, அல்லது பழி என் தலையில் மட்டும் விழட்டும் என்பதா? பதினொரு வயதுக்கு இவ்வளவு கணக்கு வருமா? என் பேத்தி என்றால் வரும்.

அவளிடமே கேட்டுவிடலாம். பொய் சொல்லத் தெரியாதவள், உள்ளதைச் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்க வேண்டும் என்று உட்காருகிறேன். அவள் திரைக்கு முன் வந்து ஏரியில் நீந்தக் கற்றதையும், தம்பி தவளை பிடித்ததையும் மூச்சு விடாமல் சொல்கிறாள். பின்னால் நடந்துபோகும் மகளின் புடவை மட்டும் தெரிகிறது. நான் வேறெதையோ கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன்.